இரும்பு விலை

கழற்றிய தகரம், சைக்கிள் ரிம்,
கால் உடைந்த தையல் மெஷின்,
அதற்குள் கிடந்தது சீவுளி.
நான் எடுக்க முதலே உதுமாலெவ்வை கண்டுவிட்டார்.
"அது நல்ல சாமான் மிஸ்."
ஒரு நிமிடம் முன்பு அது குப்பை.

ஏறாவூர்ப் பழைய இரும்புக் கடையில்
எல்லாம் கிலோக் கணக்கு.
முதிரைக் கட்டையையும் சேர்த்தே தட்டில் வைத்தார்.
"கட்டை மரமெல்லா காக்கா, இரும்பை மட்டும் நிறுங்க."
"பிரிச்சு விக்க ஏலாது.
மீன் வாங்கினா முள்ளைக் கழிச்சா நிறுப்பாங்க?"
தராசு முள் ஆடி நின்றது.
தட்டின் ஓரத்தில்
அவருடைய பெருவிரலும் இருந்தது போல ஒரு சந்தேகம்.
முந்நூற்று எண்பது ரூபாய்.
பில் இல்லை.

நான் தச்சுவேலை தெரிந்தவள் அல்ல.
செங்கலடித் தபாற்கந்தோரில் முத்திரை குத்துகிறவள்.
மூன்று மாதமாய் "நாளைக்கு வாறன்" என்ற
ஒரு மரவேலை பாஸுக்கு எதிராகத்தான்
இதை வாங்கினேன்.

சனி இரவு அலகை வினாகிரியில் ஊறவிட்டேன்.
காலையில் பேசின் முழுக்கத் தேயிலைச் சாயம்.
வயர் பிரஷ், மண்ணெண்ணெய்,
கண்ணாடித் துண்டில் ஒட்டிய அரத்தாள்.
துரு போகப் போக
ஆள் வெளியே வந்தார்.

ஆப்பின் தலை சப்பளிந்திருந்தது:
கொட்டாப்புளி தேட எழும்பாமல்
கையில் கிடந்த சுத்தியலால் அடித்திருக்கிறார்.
கட்டையின் பக்கத்தில் நீலப் பெயின்ற்றில் அரை விரல்:
காய முதல் தொட்டுப் பார்க்கிற அவசரம்.
அலகின் வாயில் இரண்டு உடைவு,
ஒன்று பெரிது, மற்றது சிறிது, இடையே ஒரு நெல் நீளம்.
ஆணிமேல் ஓட்டியிருக்கிறார்.
அதற்குப் பிறகும் சாணை பிடிக்கவில்லை.
பெயர் எங்கும் வெட்டப்படவில்லை.
தேவையுமில்லை, எனக்கு ஆளைத் தெரிந்துவிட்டது.

அப்படியே பூட்டி, பலகையில் ஒரு தரம் இழுத்தேன்.
இரண்டு வரம்பு எழுந்தது,
ஒன்று தடிப்பம், ஒன்று மெல்லிசு.
தொட்டதும் விரல் சொன்னது: இது தெரியும்.
எங்கே என்று சொல்லவில்லை.

திங்கட்கிழமை. பென்ஷன் கியூ.
ஒரு ஐயா கையொப்பம் வைக்க
மூக்குக்கண்ணாடி தேடுகிறார்.
நான் வழமைபோலக் கவுன்டர் பலகைக்கு அடியில்
விரலை ஓடவிட்டிருக்கிறேன்.
தடிப்பம். மெல்லிசு. இடையே ஒரு நெல்.

பதினொரு வருஷம் அலுப்பில் தடவிய பலகை.
யார் குனிந்து பார்க்கப்போகிறார் என்று
அரசாங்கத்துக்கு அவர் செய்து கொடுத்த அடிப்பக்கம்.

சிரித்துவிட்டேன்.
தன்னைப் பார்த்துத்தான் என்று நினைத்த ஐயா
"வயசு போனா இப்பிடித்தான் பிள்ளை" என்றார்.

அன்று பின்னேரமே
அந்த இரண்டு உடைவையும் தேய்த்து எடுத்தேன்.
இரக்கம் இல்லாமல் இல்லை,
எனக்குக் கதவு சீவ வேண்டும்.
அவ்வளவு இரும்பும் கல்லில் கறுப்புச் சேறாய்ப் போக
இரண்டு மணித்தியாலம்.
நகக்கண் வியாழன்வரை கறுப்பு.
கந்தோரில் அவருடைய கோடுகள் இருக்கின்றன. போதும்.

மாரி தொடங்கிற்று.
ஊரெல்லாம் கதவுகள் ஊதி நிலையில் சிக்கின.
என் கதவு சரிவந்த சங்கதி
பஸ் ஏறி ஏறாவூர் போயிற்று.
"மிஸ், கடைக் கதவு சாத்த ஏலாமக் கிடக்கு.
அந்தச் சாமானைக் கொண்டு வருவீங்களா?"

போனேன். தகரத்தில் மழை, பேச்சுக் கேட்காது.
கதவைக் கழற்றிக் கிடத்தி விளிம்பை ஓட்டினேன்.
சீவல் சுருண்டு சுருண்டு
செத்த எஞ்சின்களின் மேல் விழுந்தது.
திரும்பப் பூட்டினோம்.
கதவு சத்தமில்லாமல் நிலைக்குள் போயிற்று.

"எவ்வளவு?" என்றார், பர்ஸைத் தொடாமல்.
"உங்கட கணக்குத்தான் காக்கா, கிலோ.
அண்டைக்கு மரத்தை இரும்பு விலைக்குத் தந்தீங்க.
இண்டைக்கு நான்."

சீவலை இரு கையாலும் அள்ளித் தட்டில் போட்டேன்.
முள் அசையவில்லை.

கொஞ்ச நேரம் அதையே பார்த்தார் உதுமாலெவ்வை.
பிறகு மழையைப் பார்க்கிறவர் போல
முகத்தை வெளியே திருப்பி,
பெருவிரலைத் தட்டின் ஓரத்தில் வைத்து
மெல்ல அழுத்தினார்.